பிராட் தெருவில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? 1854 லண்டன் பற்றி ஓர் இழை

மாடத்துவிளக்கு:

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் சோஹோ பகுதியில் பிராட் தெரு என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் பிராட்விக் தெரு. 1854 ஆகஸ்ட் 31 இரவு அங்கே காலரா வெடித்தது, தெருவில் இருந்த அடிபம்பின் தண்ணீர்தான் நோயைப் பரப்புகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ கண்டார், இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இந்தக் கதையைக் கேள்விப்படாதவர்கள் இங்கே குறைவு. அதை மறுபடி சொல்ல வரவில்லை. ஸ்னோ 1855இல் வெளியிட்ட அறிக்கையை இரண்டு மாதமாக வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலராவைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், அதற்குள் ஒரு தெருவின் தொழில்கள் முழுக்க இருக்கின்றன. அதைப் பேசத்தான் இந்த இழை.

37ஆம் எண்ணில் ஈலி சகோதரர்களின் தொழிற்சாலை. துப்பாக்கியில் வைத்துச் சுடுகிற குட்டி குட்டிச் செப்புக் கேப் செய்கிற இடம். சுமார் 200 பேருக்கு வேலை. ஆட்கள் குடிப்பதற்காக உள்ளே இரண்டு தொட்டிகள் வைத்து, தெருப் பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து எப்போதும் நிரப்பி வைத்திருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் வைத்தது நல்ல மனதோடுதான். அந்த 200 பேரில் 18 பேர் காலராவில் போய்விட்டார்கள். 16 ஆண்கள், 2 பெண்கள்.

அதே தெருவில் பியர் காய்ச்சும் ஆலை ஒன்று. 70 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். காலராவில் ஒருவர்கூட சாகவில்லை. ஸ்னோ நேரில் போய்க் கேட்கிறார். ஆலை உரிமையாளர் ஹக்கின்ஸ் சொல்கிறார்: ஆட்களுக்குப் படி அளப்பது போல பியர் கொடுக்கிறோம், அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன், தெருப் பம்புக்கு நிச்சயம் போனதில்லை. ஆலைக்குள்ளேயே ஆழமான கிணறும் இருந்தது.

8, 9ஆம் எண்களில் பல் வைத்தியர்களுக்கான பொருட்கள் செய்த ஏழு பேர். ஒரு நாளைக்கு ஓரிரு தடவை பம்புத் தண்ணீரில் அரை பைண்ட் குடிக்கிற பழக்கம். ஏழு பேரும் இறந்தார்கள். அதே கட்டடத்திலேயே குடியிருந்த இரண்டு பேர் அந்தத் தண்ணீரைத் தொடாதவர்கள். அவர்களுக்கு வயிற்றுப்போக்கு மட்டும் வந்து போனது.

பக்கத்திலேயே காப்பிக்கடை ஒன்று. கூலி வேலைக்காரர்கள் மத்தியானம் சாப்பிட வரும் இடம். சாப்பாட்டோடு பம்புத் தண்ணீர்தான் வைப்பார்கள். செப்டம்பர் 6 அன்று ஸ்னோ போனபோது, தன் வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் இறந்துவிட்டதாகக் கடைக்கார அம்மாள் சொல்கிறார். சின்னக் கடைகளில் அதே தண்ணீரில் பொங்குகிற பொடி ஒன்றைப் போட்டு ஷர்பத் என்று விற்றிருக்கிறார்கள்.

அந்த வாரம் பிராட் தெருவில் ஒருவர் பிழைத்தாரா இல்லையா என்பதை அவர் எங்கே வேலை பார்த்தார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. நான் சொல்ல வருவது இதைத்தான். தொழில்தான் தண்ணீரைத் தீர்மானித்தது. இந்தக் கோணத்தில் தெருவில் இருந்த எல்லாரையும் பட்டியல் போட ஆசை. எங்கே தொடங்கலாம்?

கணக்குப்பிள்ளை:

அருமையான வேலை அக்கா. டைரக்டரியில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

அந்தக் காலத்து லண்டன் தபால் டைரக்டரியில் தெருவாரியாக ஒரு பகுதி உண்டு. வீட்டு எண், பெயர், தொழில். எண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நடுவில் ‘இங்கே இன்ன தெரு’ என்று ஒரு வரி வரும். குறுக்கே ஒரு தெரு வந்து சேர்கிற இடம் அது. முதல் தடவை அந்த வரியைப் பார்த்தபோது, யாரோ என் கையைப் பிடித்து அந்த நடைபாதையில் கூட்டிப்போவது போல இருந்தது எனக்கு.

ஆனால் டைரக்டரியில் இடம் பிடிப்பவர் கடைக்காரர், வீட்டுக்கு உரியவர், தொழில் நடத்துகிறவர். மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர் அதில் வரமாட்டார். சந்துபொந்துகள் பலவற்றை விட்டே போயிருப்பார்கள். பிராட் தெருவை ஒட்டிய பெர்விக் தெரு வட்டாரத்தில் 1851இல் ஏக்கருக்கு 432 பேர் இருந்தார்கள், லண்டனிலேயே மிக நெரிசலான வட்டாரம் அது. அந்த 432 பேரில் டைரக்டரிக்காரர் கண்ணுக்குப் பட்டவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள்.

அதனால் அடுத்தது 1851 சென்சஸ். மார்ச் 30 இரவு யார் எந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார்கள் என்ற கணக்கு. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். 1841 கணக்கெடுப்பை நம்பி வயது போட்டுவிடாதீர்கள். அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார்.

இன்னொன்று, வீட்டு எண். பழைய நாளில் பல தெருக்களில் எண்கள் ஒரு பக்கமாக ஏறி, கடைசிக்குப் போய்த் திரும்பி, எதிர்ப்பக்கமாக இறங்கி வரும். 1855 சட்டத்தில் உருவான பெருநகரப் பணிகள் வாரியம்தான் தெருப் பெயர்களையும் எண்களையும் ஒழுங்கு பண்ண ஆரம்பித்தது. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். பழைய எண்ணை இன்றைய வரைபடத்தில் அப்படியே வைத்துப் பார்த்தால் கதையே வேறு வீட்டுக்குப் போய்விடும். இதில் நானே ஒரு முறை ஏமாந்து மூன்று வாரம் தப்பான கட்டடத்தைத் துருவியிருக்கிறேன்.

மாடத்துவிளக்கு:

நன்றி தம்பி. எண் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம்: சென்சஸ் 1851 மார்ச், காலரா 1854 செப்டம்பர். மூன்றரை வருடம். வாடகைக்கு இருந்தவர்கள் அதற்குள் மாறியிருக்க மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை:

மாறியிருப்பார்கள். ஆளைத் தேடாதீர்கள், வீட்டைப் பாருங்கள். 1851இல் ஒரு வீட்டில் ஆறு குடும்பம், அதில் மூன்று தையற்காரர் என்றால், 1854இலும் அந்த வீடு அதே மாதிரி ஆட்களுக்குத்தான் வாடகைக்கு விடப்பட்டிருக்கும். ஆள் மாறினாலும் வாடகை மாறாது.

ஊசிநூல்:

தையற்காரர் என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். என் அப்பா கோட்டு தைப்பவர், எனக்கும் அதே தொழில்.

சோஹோவில் ஏன் அவ்வளவு தையற்காரர்கள் என்றால், நடந்து போகிற தூரத்தில் சாவில் ரோ. பணக்காரர்கள் அளவு கொடுக்கிற இடம் அது. தைக்கிற இடம் இங்கே. மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1849, 1850இல் மார்னிங் க்ரானிக்கிள் இதழில் லண்டன் தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பேசி எழுதினார். தையல் தொழிலை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். கடையின் சொந்தப் பட்டறையில், தொழிலாளர்கள் ஏற்ற கூலிக்கு நடப்பது கௌரவமான தொழில். இடைத்தரகர் வழியாக வீட்டுக்கு வாங்கிப்போய்க் குறைந்த கூலிக்குத் தைப்பது மற்றது. வீட்டுக்கு வந்த வேலையில் மனைவி, மகள் எல்லாரும் இறங்குவார்கள். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, உள்துணி கட்டுவது.

அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்காகப் பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தையல் மிஷின் இன்னும் பரவாத காலம், எல்லாம் கைத்தையல். கம்பளித் துணி. அயர்ன் பெட்டி சூடாக வேண்டும் என்பதால் கோடையிலும் உள்ளே நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். கம்பளியைத் தேய்க்கும்போது எழும் ஆவி மூஞ்சியில் அடித்து, தொண்டை எப்படிக் காயும் என்று எனக்குத் தெரியும். குடம் கீழே, பம்பு தெருமுனையில். ஒரு பையனை அனுப்புவார்கள்.

சீசன் வேறு இருக்கிறது. பிரபுக்கள் லண்டனில் தங்கியிருக்கும் வசந்தமும் முன்கோடையும்தான் தையற்காரருக்கு ராப்பகல் வேலை. ஆகஸ்ட் வந்தால் அவர்கள் கிராமத்து மாளிகைகளுக்குப் போய்விடுவார்கள், வேலை செத்துவிடும். காலரா வந்தது ஆகஸ்ட் கடைசி. கையில் காசில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த நேரம். பியர் ஆலைக்காரருக்குப் பியர் படி கிடைத்தது. இவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது பம்புத் தண்ணீர்.

மூன்றாம்ஷிப்ட்:

நான் ஸ்டாஃப் நர்ஸ். இழை நன்றாகப் போகிறது, ஆனால் ஒரு இடத்தில் குறுக்கிட வேண்டும். தொழில்தான் தண்ணீரைத் தீர்மானித்தது என்பதை முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. இறந்த 616 பேரில் சின்னக் குழந்தைகள் எத்தனையோ. அவர்களுக்கு ஏது தொழில்? வீட்டுப் பெண்களுக்கு? பம்பு பக்கத்தில் இருந்தது, தண்ணீர் குளிர்ச்சியாகத் தெளிவாக இருந்தது, அதனால் குடித்தார்கள். போலந்து தெருவில் இருந்த ஏழையர் விடுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே 535 பேர், இறந்தது 5 பேர்தான். அங்கே இருந்தவர்கள் வெளியே பிழைக்க வழியில்லாமல் வந்து சேர்ந்தவர்கள். அவர்களைக் காப்பாற்றியது சொந்தக் கிணறு.

அப்புறம் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். செப்டம்பர் 8இல் கழற்றும்போதே நோய் இறங்குமுகம். மக்களில் பெரும்பகுதி ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். ஸ்னோவே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மாடத்துவிளக்கு:

குழந்தைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி சிஸ்டர், என் வாக்கியம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. வேலைக்குப் போன ஆண்களையும் பெண்களையும் பற்றி மட்டும்தான் அதைச் சொல்ல முடியும். ஏழையர் விடுதியை விட்டுவிட்டதும் என் தப்பு. அங்கே அடைபட்டுக் கிடந்ததே அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது மனதை என்னவோ செய்கிறது.

கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்விக் தெரு செயின்ட் லூக் தேவாலயத்தில் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் உதவிப் பாதிரியார் இருந்தார். ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் அவர் வீடுவீடாகப் போனார். அந்தத் தெரு ஜனங்களை அவருக்கு முன்பே தெரியும், அதனால் ஸ்னோவிடம் சொல்லாததையெல்லாம் இவரிடம் சொன்னார்கள். கடைசியில் ஸ்னோ பக்கம் சேர்ந்தார்.

முதல் நோயாளியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 40ஆம் எண் வீடு, பம்புக்கு நேர் எதிரே. அங்கே ஒரு போலீஸ்காரரின் கைக்குழந்தை, ஐந்து மாதம். வயிற்றுப்போக்கில் கிடந்து செப்டம்பர் 2இல் இறந்தது. அம்மா அதன் பீத்துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை வீட்டின் முன்னால் இருந்த மலக்குழியில் ஊற்றியிருக்கிறாள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையில் மூன்று அடிகூட இல்லை. செங்கல் சுவர் உளுத்துப் போயிருந்தது.

கைப்பிடியைக் கழற்றிய அதே செப்டம்பர் 8இல்தான் குழந்தையின் அப்பா படுத்தார். 19ஆம் தேதி அவரும் போய்விட்டார். அவருடைய துணிகளை அலசிய தண்ணீரும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது அலை வந்திருக்கலாம்.

மூன்றாம்ஷிப்ட்:

இது எனக்குத் தெரியாது. நன்றி. அந்த அம்மாவை நினைத்தால் பேச்சு வரவில்லை. குழந்தைக்கு முடியாதபோது எந்த அம்மாவும் செய்கிற வேலைதான் அது.

கணக்குப்பிள்ளை:

சென்சஸில் அந்த அம்மா போன்றவர்களுக்குத் தொழில் என்ற கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், இல்லையென்றால் ‘இன்னாரின் மனைவி’ என்று இருக்கும். காஜா எடுத்த பெண்களுக்கும் அப்படித்தான். அக்கா, உங்கள் பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். துணி துவைத்தது, தண்ணீர் சுமந்தது, தெரிந்ததை எழுதுங்கள்.

பாலாற்றங்கரை:

வேலூர் மாவட்டத்துக்காரன், தோல் தொழில். நீங்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தவர்களையே பேசுகிறீர்கள். தெருவிலேயே பிழைத்தவர்கள் டைரக்டரியிலும் இல்லை. மேஹ்யூ கணக்குப்படி தெருவில் காய்கறி, மீன் விற்றவர்களே 30,000க்கு மேல்.

அவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். ‘ப்யூர்’ பொறுக்குபவர்கள். ப்யூர் என்றால் தூய்மை. அவர்கள் பொறுக்கியது நாய்ப் பீ. வாளி எட்டு பென்னியிலிருந்து பத்து பென்னி வரை போகும். காய்ந்து சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் கூடுதல் விலை. வாங்கியவர்கள் தேம்ஸுக்குத் தெற்கே பெர்மாண்ட்சியில் தோல் பதனிட்ட டேனரிக்காரர்கள்.

எதற்கு என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவோம். வெளியே எடுத்தால் ஊதிப்போய், ரப்பர் மாதிரி விறைத்திருக்கும். அப்படியே பதனிடும் மரப்பட்டைத் தண்ணீரில் போட்டால் தோல் முரடாகிவிடும். நடுவில் அதை இளக்க வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். நாய்ப் பீயைக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் அந்த வேலையைச் செய்தது. மெல்லிய ஆட்டுத் தோல், கையுறைத் தோல், புத்தக அட்டைக்கான மொராக்கோ தோல் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். 1907இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர், வேலை செய்வது அதிலிருக்கும் செரிமான நொதிதான் என்று பிடித்து, விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த பொடியை ஓரோபான் என்ற பெயரில் கொண்டுவந்தார். இன்றைக்கு எங்கள் டிரம்மில் விழுகிற பொடி அதன் பேரப்பிள்ளை.

மேஹ்யூ சந்தித்த ப்யூர் பொறுக்குபவர்களில் வயதான பெண்கள் உண்டு, ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்து கீழே வந்தவர்கள். ஏழையர் விடுதிக்குப் போவதைவிட இது மேல் என்று சொன்னவர்கள். அவர்கள் கைபட்டுத்தான் பணக்காரர் வீட்டுப் புத்தக அலமாரி பளபளத்தது.

நம் பக்கத்துக்கும் அங்கே தொடர்பு உண்டு. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், கிழக்கிந்தியக் கிப்ஸ் என்ற பெயரில் கப்பலேறி லண்டன் சந்தைக்குத்தான் போனது. பெர்மாண்ட்சி தோல் சந்தை 1833இல் தொடங்கியது. அந்தப் பெயரை என் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஊசிநூல்:

பெருவிரல் தடம் அருமை அண்ணா. துணியிலும் அப்படி ஒன்று உண்டு, கம்பளியைக் கையில் கசக்கி விட்டால் எவ்வளவு நேரத்தில் விரிகிறது என்று பார்ப்போம்.

புதுவரவு:

கல்லூரி மாணவன், வரலாறு. ஒரு கேள்வி. ப்யூர் ஃபைண்டர், நைட் சாயில் மென் என்பதற்கெல்லாம் தமிழில் என்ன எழுதுவது? எங்கள் வகுப்பில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போடுகிறார்கள்.

மாடத்துவிளக்கு:

ஒரே சொல் போட்டால் மூன்று தனித் தொழில்கள் காணாமல் போய்விடும் தம்பி. நாய்ப் பீ பொறுக்குபவர் என்றே எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். நைட் சாயில் ஆட்கள் ராத்திரியில் மலக்குழி அள்ளியவர்கள். நடுநிசிக்குப் பிறகுதான் வேலை, அள்ளியது வயலுக்கு எருவாகப் போனது. 1840களின் கடைசியில் தென்னமெரிக்காவிலிருந்து குவானோ உரம் வந்து அந்த வியாபாரம் படுத்தது. அள்ளினால் விலை இல்லை என்றால் குழி நிரம்பித்தானே வழியும்? 40ஆம் எண் வீட்டுக் குழியை யோசிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

டஸ்ட்மென் என்றால் அடுப்புச் சாம்பல் எடுத்தவர்கள். நிலக்கரிச் சாம்பலைக் கிடங்கில் பெண்கள் முழங்கால் அளவு குவியலில் நின்று சல்லடையால் சலிப்பார்கள். சலித்தது செங்கல் சூளைக்குப் போகும். குதிரைச் சாணியைப் பெருக்கி, சீமாட்டிகள் தெருவைக் கடக்க வழிவிட்ட சிறுவர்கள் வேறு.

கணக்குப்பிள்ளை:

புதுவரவு தம்பி, நீங்கள் ஆராய்ச்சிக்குப் போனால் சார்லஸ் பூத்தையும் பாருங்கள். காலம் பிந்தியது, 1889இல் முதல் வரைபடம். லண்டன் தெருக்களுக்கு வசதிப்படி நிறம் கொடுத்தார். மஞ்சள் என்றால் பெரும் பணக்காரர், கீழே இறங்கி வெளிர்நீலம், கருநீலம், கடைசியில் கறுப்பு. லண்டன்வாசிகளில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருந்ததாக அவர் கணக்கு. ஆனால் ஒரு தெரு முழுக்க ஒரே நிறம் பூசினால் முன்கட்டும் பின்கட்டும் ஒன்றாகிவிடும். பிராட் தெருவில் அக்கா காட்டிய மாதிரி வாசல் வாசலாகப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது.

மூன்றாம்ஷிப்ட்:

அக்கா, ஒரு கேள்வி பாக்கி. ஈலி தொழிற்சாலையில் 18 பேர் என்றீர்கள். அவர்கள் எல்லோரும் பிராட் தெருவிலேயே குடியிருந்தார்களா? எங்கள் இறப்புப் பதிவேட்டில் வீட்டு முகவரிதான் இருக்கும், வேலை பார்த்த இடம் இருக்காது. அதனால் கேட்கிறேன்.

மாடத்துவிளக்கு:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 18 பேரும் அவரவர் வீட்டில் இறந்தார்கள் என்றே ஸ்னோ எழுதுகிறார். பதிவேட்டை மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் வெவ்வேறு முகவரிகளில் சிதறிய இறப்புகள். தொழிற்சாலைக்குப் போய் ‘உங்கள் ஆட்களில் யார் யார்’ என்று கேட்ட பிறகுதான் 18 பேரும் அந்த இரண்டு தொட்டிகளைச் சுற்றி ஒன்றுசேர்கிறார்கள்.

அதைவிடத் தூரத்தில் ஓர் இறப்பு. ஈலி சகோதரர்களின் அம்மா கணவரை இழந்தவர், ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த பழக்கத்தில் அந்தப் பம்புத் தண்ணீர்தான் அவருக்குப் பிடிக்கும். தினமும் ஒரு வண்டி சோஹோவிலிருந்து அந்தப் பக்கம் போகும், அதில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் அனுப்புவார்கள். ஆகஸ்ட் 31 அன்றும் போனது. செப்டம்பர் 2இல் அவர் இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டன் திரும்பி அங்கே இறந்தார். ஹாம்ஸ்டெட்டிலும் அவர் இருந்த இஸ்லிங்டன் பகுதியிலும் அப்போது வேறு காலராவே இல்லை.

அந்த வண்டிக்காரரையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. தொழில் என்ற கட்டத்தில் மட்டும் ‘வண்டி ஓட்டுபவர், சோஹோ முதல் ஹாம்ஸ்டெட் வரை, தினம்’ என்று எழுதியிருக்கிறேன். தம்பி கணக்குப்பிள்ளை சொன்னபடி 1851 சென்சஸை 40ஆம் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிடைத்ததை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன்.